ஏழு ஃபண்டும் ஒரு பொங்கல் சீரும்

எங்கள் குடித்தனம் பெரும்பாலும் வாசல் கேட்டிலேயே நடந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து என் வீட்டுக்காரர் உள்ளே நுழைவார், நான் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க வெளியே கிளம்புவேன். சாவி என் கையிலிருந்து அவர் கைக்கு மாறும். “இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு.” “ம்.” “பிரஷர் மாத்திரை?” “ம்.” இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த ‘ம்’தான் தேறும்.

வீடு கடலூர் முதுநகரில். அவருக்குக் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் வேலை. எனக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை. என் பஸ் தினமும் அவர் கம்பெனியைத் தாண்டித்தான் போகும். அந்த இடம் வந்ததும் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் துப்பட்டாவையும் கர்ச்சீப்பையும் தேடுவார்கள். நான் மூக்கைப் பொத்தியதே இல்லை. எங்கள் வீட்டுத் தலையணை உறையிலேயே அந்த வாடை இருக்கிறது, பஸ்ஸில் பொத்தி என்ன ஆகப்போகிறது?

ஷிஃப்ட் மாறி மாறி வரும் என்று பேர்தான். ஆள் பற்றாக்குறையில் அவருக்கு நைட்தான் ஜாஸ்தி விழுந்தது. ஐம்பதைத் தாண்டியதும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. பகலில் படுத்தால் தூக்கம் வராது, ராத்திரி பாய்லர் முன்னால் நின்றால் கண் சொருகும். நைட் வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த பேஷன்டைக் கூப்பிட்டார். நாங்கள்தான் வெளியே மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரிட்டயர் ஆகும்வரை தாங்காது, முன்னாடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று அன்றைக்குப் பேசி வைத்தோம். அவர் வீட்டில் உட்கார்ந்தாலும் என் சம்பளத்தோடு சேர்த்து குடும்பம் ஓட வேண்டும், அதற்கு ஒரு காசு சேர வேண்டும். எனக்கு அதில் ஒரே ஒரு ஆசை. காலையில் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூடாக நாலு இட்லி சாப்பிட வேண்டும். இதுவும் ஒரு ஆசையா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

காசு சேர்க்கிற பொறுப்பை என் அண்ணனிடம் விட்டிருந்தோம். அண்ணனுக்கு நெல்லிக்குப்பம். கரும்பு வெட்டு நடக்கிற மாசங்களில் மட்டும் ஆலையில் வேலை, மீதி மாசங்களில் கிடைத்ததைச் செய்வார். ஒரு கட்டத்தில் அந்த வேலையும் இல்லாமல் போய், பரீட்சை எழுதி மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் ஆனார். அதற்கு முன் எங்கள் வீட்டில் சேமிப்பு என்றால் சீட்டு, நகை, மிஞ்சினால் மனை. சீட்டு பிடித்தவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடிய கதை எங்கள் தெருவிலேயே உண்டு. பல பேர் காசை ஒன்றாகச் சேர்த்துப் பல கம்பெனிப் பங்குகளில் பிரித்துப் போடுகிற ஏற்பாடு இது, யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று அண்ணன் சொன்னதும் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு மார்ச் வந்தால் அண்ணன் வருவார். அவர்களுக்கு மார்ச்சுக்குள் டார்கெட் முடிக்க வேண்டுமாம். மொபெட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்த கையோடு ஆரம்பிப்பார்.

“பாப்பா, ஒண்ணே ஒண்ணு. புது ஸ்கீமு. யூனிட்டு பத்து ரூபாதான். இப்ப வுட்டா அப்பறம் ஏறிப்பூடும்.”

தலை நரைத்தாலும் நான் அவருக்குப் பாப்பாதான். பத்து ரூபாய் என்றதும் கத்தரிக்காய் விலை மாதிரி எனக்கும் மலிவாகத்தான் பட்டது. உள்ளே என்ன பங்கு இருக்கிறது என்பதுதான் கணக்கு, யூனிட் பத்து ரூபாயா நூறு ரூபாயா என்பதில் மலிவும் இல்லை, கிராக்கியும் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

கூடப் பிறந்தவர் வந்து கேட்கும்போது முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல ஒவ்வொரு மார்ச்சுக்கும் ஒரு ஃபண்ட், மாசத் தவணையில் எழுதினேன். அவர் மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வருஷம் ஒன்று. அண்ணிக்கு ஆபரேஷன் நடந்த வருஷம் ஒன்று. மொபெட் வழியில் நின்றுபோன வருஷம் ஒன்று. அந்த ஃபண்ட் எந்தக் கம்பெனியில் போடுகிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மொய் எழுதுகிறவர் அந்தக் காசில் என்ன வாங்கப்போகிறீர்கள் என்று கேட்பாரா?

அப்படியே ஏழு சேர்ந்துவிட்டது. “ஒரே எடத்துல போடக்கூடாது பாப்பா, பிரிச்சி போடணும்” என்பார் அண்ணன். ஏழு இடத்தில் இருக்கிறதே, இதைவிட எப்படிப் பிரிப்பது என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அண்ணனும் சும்மா வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. பொங்கலன்று நாங்கள் மாதா கோயிலில் பூசை பார்த்து, சாமியார் பொங்கலை மந்திரித்து முடித்து, வீடு வருவதற்குள் மொபெட்டோடு வாசலில் நிற்பார். ரெண்டு கட்டு பன்னீர்க் கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, எனக்குப் புடவை, மச்சானுக்கு வேட்டி. ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கும்போது தெருவே பார்க்கும். “ஒங்க அண்ணன் மாரி இந்த காலத்துல யாரு செய்யறாங்க?” என்பாள் பக்கத்து வீட்டு அக்கா. பிறந்த வீட்டுச் சீர் தவறாமல் வருகிற பொம்பளைக்கு நடையே வேறு. நானும் கொஞ்சம் அப்படித்தான் நடந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அண்ணனுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். கொரோனா வந்து மார்க்கெட் தலைகுப்புற விழுந்தபோது என் வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. போனது போகட்டும், மிஞ்சியதையாவது எடுத்துவிடலாம் என்று குதித்தார். அண்ணன் போலீஸுக்குப் பயந்து சந்து சந்தாகப் புகுந்து மொபெட்டில் வந்தார். உள்ளே வரவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றபடியே கத்தினார்.

“மச்சான், கைய வெக்காதீங்க! எறங்குனது ஏறும். இப்ப எடுத்தீங்கன்னா எறங்குனது எறங்குனதுதான்!”

அவர் எடுக்கவில்லை. விழுந்தது மெல்ல எழுந்து நின்றது. அன்றைக்கு அண்ணன் வராமல் இருந்திருந்தால் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருப்போம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மகள் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருஷம் பொங்கல் கழிந்து, முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கைப்பையும் அவருக்கு ஒரு செருப்பும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாள். அவர் உள்ளே படுத்திருந்தார். நாங்கள் ரெண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

“ம்மா, நானும் மாசாமாசம் ஃபண்டுல போட ஆரம்பிச்சிட்டேன்” என்றாள்.

“மாமாகிட்ட சொன்னியா?”

“மாமா எதுக்கு? ஃபோன்லயே போட்டாச்சு. ஒரே ஒரு ஃபண்டு.”

“ஒண்ணுதானா? பிரிச்சி போடணும்டி.”

“அந்த ஒண்ணுக்குள்ளயே அம்பது கம்பெனி இருக்கும்மா. பேங்க்கு, மருந்து, சிமெண்டு, சோப்பு, காரு, எல்லாம். நாட்டுல இருக்கறதுல பெரிய அம்பது. எது ஒசத்தி, எது மட்டம்னு யாரும் ஒக்காந்து பொறுக்க மாட்டாங்க. லிஸ்ட்டுல இருக்கற அத்தனையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுட்டு சும்மா இருப்பாங்க. இண்டெக்ஸ் ஃபண்டுன்னு பேரு. பொறுக்கற ஆளுக்கு பெரிய சம்பளம் இல்ல. நடுவுல ஏஜென்ட்டும் இல்லாம டைரக்டா வாங்கினா செலவு ரொம்ப கம்மி.”

அதோடு விட்டிருக்கலாம். என் ஃபோனை வாங்கி ஏழு ஃபண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

“ஏழுலயும் மேல இருக்கறது அதே கம்பெனிங்கதாம்மா. ஏழு பேரு ஏழு தூக்குல ஒரே சாம்பார கொண்டாந்த மாரி இருக்கு. இது பிரிச்சி போட்டது இல்ல. இதுல ஏழுக்கும் வருசா வருசம் செலவுன்னு ஒண்ணு பிடிக்கறாங்க. பில்லு வராது, வெலையிலயே கழிச்சிருவாங்க. அதுல ஒரு பங்கு மாமாவுக்கு போவுது. நீ எடுக்காம வெச்சிருக்கற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மாமா திருடிட்டாருன்னு சொல்றியா? கோயில்ல நீ புது நன்மை வாங்குனப்ப ஒனக்கு கவுனு தெச்சி போட்டது யாரு? காய்ச்சல்ல கெடந்தப்ப தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? நாலு காசு சம்பாரிச்சதும் வாய் நீளுதா?”

“யாரு திருட்டுன்னா? அது அவரு செய்யற வேலைக்கு கூலி. எவ்ளோ போவுதுன்னு நமக்கு தெரிஞ்சா போதும்மா, தெரிஞ்சே குடுக்கலாம். நீதான் கேட்டதே இல்ல.”

அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. அவர் தூங்கவே இல்லை போலிருக்கிறது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“அந்த காசு போவாம இருந்திருந்தா,” என்று மகளிடம் கேட்டார், “நான் எப்ப வெளிய வந்திருப்பேன்?”

அவள் வெங்காயத் தோலை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். “கரெக்டா சொல்ல முடியாதுப்பா. கொஞ்ச மாசம் முன்னாடி வந்திருக்கலாம்.”

“கொஞ்ச மாசம்” என்றார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கும் அவருக்கு நைட்தான். சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஃபோனிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம், ரெண்டு நிமிஷ வேலை என்றாள் மகள். நிறுத்தினால் அண்ணன் ஸ்கிரீனில் அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அப்படியானால் வேண்டாம், முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன் என்றேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். சொல்வது சுலபம், அண்ணனுக்கு நேராக அதைச் சொல்லவேண்டி வரும்போதுதான் தெரியும். ராத்திரி படுத்தால் அண்ணன் முகமும் பாய்லர் முன்னால் நிற்கிற இவர் முகமும் மாறி மாறி வந்தது.

மார்ச் வந்தது. அண்ணனும் வந்தார். இந்தத் தடவை வீட்டுக்கு வரவில்லை, நேராகச் சிதம்பரத்துக்கே வந்து மத்தியானம் எங்கள் பள்ளிக்கூட கேட்டில் நின்றார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. பத்து இடம் ஏறி இறங்கியிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. தெற்கு வீதியில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லியும் கொத்சும் சொன்னேன். கொத்சு என்றால் அண்ணனுக்கு உயிர்.

“டார்கெட் ஜாஸ்தி பண்ணிட்டாங்க பாப்பா. ஒண்ணே ஒண்ணு.”

“இல்லண்ணே. இனிமே இல்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழிலும் மாசத் தவணையை நிறுத்தப் போகிறேன், ஏஜென்ட் இல்லாமல் ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போடப்போகிறேன், பழையதையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவேன் என்றேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதால் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பிட்ட இட்லி அவர் கையிலேயே இருந்தது.

“ஒம் பொண்ணு சொன்னாளா?”

“அவதான் சொன்னா. முடிவு நான் எடுத்தது.”

“அப்ப இத்தினி வருசம் நான் ஏமாத்திக்கினு இருந்தனா?”

“அப்படி யாருண்ணே சொன்னா?”

“பின்ன?”

“அவரால நிக்க முடியலண்ணே. ஒரு மாசம் முன்னாடி வந்தாலும் எனக்கு லாபம். அவ்ளோதான்.”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “பொங்கலுக்கு கொண்டாந்தனே, அதெல்லாம் எதுலேர்ந்து வந்துதுன்னு நெனச்ச?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“ஒங்க ஏழு ஃபண்டுலேர்ந்து எனக்கு வர்றதுதான். அத ஒரு பைசா தொட மாட்டேன். தங்கச்சிக்குன்னு தனியா எடுத்து வெச்சிருவேன். பையன் ஃபீஸு கட்ட முடியாம நின்னப்பகூட தொடல. ஆல வேல போனதுலேர்ந்து எங்கிட்ட வேற ஏது பாப்பா?”

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்பார்களே, இது அதுதான். ஆனால் சிரிக்க முடியவில்லை. இவர் கண் சொருகச் சொருக நின்ற ராத்திரிகளில் ஒரு பங்கு கரும்பாகவும் புடவையாகவும் மாறி என் வாசலுக்கு வந்திருக்கிறது. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நான் தெருவில் மிதப்பாக நடந்திருக்கிறேன். அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது. மகன் ஃபீஸுக்குக்கூடத் தொடாமல் எனக்கென்று எடுத்து வைத்தாரே என்று கும்பிடவும் தோன்றியது. ரெண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

“காபி சொல்லட்டாண்ணே?” என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கை கழுவி நான் திரும்புவதற்குள் பில்லைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னபடி செய்தேன். ஏழிலும் தவணையை நிறுத்தினேன். ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் மாசாமாசம் போகும்படி மகள் செய்து கொடுத்தாள். பழையதை ஒரேயடியாகப் பிடுங்க முடியாது, லாபத்துக்கு வரி உண்டு. வருஷத்துக்கு ஒரு அளவு வரை வரி இல்லை, அதற்குள் அடங்குகிற மாதிரி ரெண்டை மட்டும் எடுத்து, வீட்டுச் செலவுக்கு ஆகட்டும் என்று பேங்க் டெபாசிட்டில் போட்டேன். பி.எஃப். ஏற்கனவே இருந்தது. இப்போதுதான் காசு நிஜமாகவே வேறு வேறு இடத்தில் இருக்கிறது என்றாள் மகள்.

செய்து முடித்தபின் ஒரு சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இதில் செய்வதற்கு எதுவுமே இல்லை. மாசம் பிறந்தால் காசு தானாகப் போகிறது, கிடக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் வந்து உட்கார்ந்து புது ஸ்கீமின் பேரைச் சொன்னால் அதிலாவது ஒரு கலகலப்பு இருக்கும். காபி போடுவேன், ரெண்டு ஊர்க்கதை பேசுவோம். அண்ணனிடமிருந்து ஃபோனே இல்லை. நானும் பண்ணவில்லை. என்னவென்று பண்ணுவது? அந்த வருஷம் எங்களுக்கு வெயிலும் ஜாஸ்தி, அலுப்பும் ஜாஸ்தி.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா அப்பா கல்லறையில் வருஷா வருஷம் நானும் அண்ணனும் சேர்ந்துதான் மெழுகுவத்தி ஏற்றுவோம். அவர் புல்லைச் செதுக்குவார், நான் கழுவிப் பூ வைப்பேன். இந்தத் தடவை நான் போனபோது புல் செதுக்கியிருந்தது. கல் கழுவியிருந்தது. மெழுகுவத்திகள் உருகி அடிக்கட்டைதான் மிச்சம். விடியற்காலையிலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறார், என் கண்ணில் படக்கூடாது என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவிடமே கேட்டேன், நான் என்னம்மா தப்பு பண்ணினேன் என்று. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே சமயத்தில் மார்க்கெட்டும் விழ ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இவர் ராஜினாமா லெட்டரை டைப் அடித்து, பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தார். ஃபோனில் தினமும் சிவப்பாகவே காட்டியது. ஒரு நாள் காலை கேட்டில் சாவியைக் கொடுக்கும்போது, ‘ம்’ இல்லாமல் ஒரு வாக்கியம் பேசினார்.

“இன்னும் ஒரு வருசம் போறேன்.”

“ஒங்களால முடியாது.”

“முடியும்” என்று சொல்லி உள்ளே போனார். படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஃபோனை எடுத்தேன். எல்லாவற்றையும் விற்றுத் தலைமுழுகிவிடலாம், இருக்கிறதை வைத்துக் கஞ்சியோ கூழோ குடிக்கலாம், இந்த மனுஷன் வீட்டில் கிடக்கட்டும் என்று வந்தது. விற்கிற பட்டன் வரை போய்விட்டேன். அழுத்தினால் போதும், தடுக்க ஒரு ஆள் இல்லை. துண்டைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று கத்துவதற்கு யாரும் வரப்போவதில்லை. அந்த ஆளைத்தான் நானே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேனே.

மகளைக் கூப்பிட்டிருக்கலாம். கை அண்ணன் நம்பரைத்தான் அழுத்தியது.

“அண்ணே.”

“சொல்லு.” பின்னால் கரும்பு டிராக்டர் போகிற சத்தம் கேட்டது.

“எறங்குதுண்ணே. எல்லாத்தயும் எடுத்துடட்டுமா?”

“அது இப்ப எங்கையில இல்லியே பாப்பா. ஒன் ஃபோன்லதான இருக்கு.”

“தெரியும்ணே. கேக்குறேன்.”

“எடுக்காத.” உடனே சொன்னார். “பேங்க்ல எதாச்சும் போட்டு வெச்சிருக்கியா?”

“வெச்சிருக்கேன். அதுவும் பி.எஃப்பும் சேந்தா நாலஞ்சு வருசம் ஓட்டலாம்.”

“அப்பறம் இன்னா? சாப்பாட்டுக்கு அது. இது கெடக்கட்டும், ஏறும்போது ஏறட்டும். மச்சான் இன்னா சொல்றாரு?”

“இன்னும் ஒரு வருசம் போறேன்றாரு.”

“என்னாத்துக்கு? மார்க்கெட்டுக்கு காவல் இருக்கவா? எழுதி குடுக்க சொல்லு.”

வைத்துவிட்டார். பஸ் குடிகாட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த காலேஜ் பெண், கெமிக்கல் நெடியில் கண் எரிகிறது என்று நினைத்துத் தன் கர்ச்சீப்பை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்ததும் இவரிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்றார்.

“மச்சானா சொன்னாரு?”

“ம்” என்றேன்.

மறுநாள் பைபிளைத் திறந்து லெட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் என்ன, காலையில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோமா என்று கேட்பீர்கள். எங்கே! இத்தனை வருஷப் பழக்கம் உடம்பை லேசில் விடுமா? ராத்திரி முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கிளம்புகிற நேரத்தில் குறட்டை விடுவார். இட்லி முன்போலவே ஹாட்பாக்ஸில் கிடந்தது. நான் முன்போலவே பஸ்ஸில் போனேன். பழைய ஃபண்டில் இன்னும் அஞ்சு அப்படியே இருக்கிறது, மார்க்கெட் இன்னும் முழுசாக ஏறவும் இல்லை.

பொங்கல் வந்தது. அண்ணன் வரமாட்டார் என்று தெரியும். வாசலில் கரும்பில்லாமல் இருந்தால் தெரு கேட்கும் என்று முதல் நாளே மார்க்கெட்டில் ஒரு ஜோடி வாங்கிக் கூடத்தில் சாத்தி வைத்தேன். என் வாழ்க்கையில் கரும்பை நான் காசு கொடுத்து வாங்கியது அதுதான் முதல் தடவை. கரும்புக்காரன் சொன்ன விலைக்குப் பேரம் பேசக்கூட மனசு வரவில்லை.

பொங்கலன்று விடியற்காலையில் இவர் தானாகவே எழுந்து பூசைக்குக் கிளம்பினார். அதிசயம்தான். கோயிலிலிருந்து வந்து, நான் இட்லியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது வெளியே மொபெட் சத்தம் கேட்டது. எனக்குக் கை நின்றுபோனது. இவர்தான் போய் கேட்டைத் திறந்தார்.

மொபெட்டின் பக்கவாட்டில் ஒரே ஒரு கரும்பு கட்டியிருந்தது. பை இல்லை, புடவை இல்லை, மஞ்சள் கொத்து இல்லை. அண்ணன் கயிற்றை அவிழ்த்து, என்னைப் பார்க்காமல், கரும்பை இவரிடம் நீட்டினார்.

“ஒண்ணுதான் மச்சான். ஆனா இது என் காசு.”

இவர் அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “உள்ள வாங்க மச்சான், இட்லி சூடா இருக்கு” என்றார்.

அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் கூடத்துக்கு ஓடினேன். வாங்கி வைத்திருந்த ஜோடிக் கரும்பைத் தூக்கிப் பின்பக்கம் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கையைக் கழுவிக்கொண்டு, மூன்றாவது தட்டை எடுத்து வைத்துவிட்டு, இவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தேன்.